கந்தசட்டியும் தாடி ஓணானும்

எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குக் கீழேதான் ஓணானின் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒரு தடவை பிறருக்காக அதை நகர்த்தினேன். இனி நகர்த்த மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஊரைவிட்டுக் குடிபெயர்ந்து வந்து, அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நானும் மகளும் இருந்தோம். அவளுக்குப் பதின்மூன்று வயது. நாய், பூனை கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரி சொல்லிவிட்டதால் கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது அந்த அவுஸ்திரேலிய ஓணான். தொண்டையில் முள்ளுத் தாடி. தாடி இருந்தால் ஆண்தானே என்று ‘அவன்’ என்றே கூப்பிட்டோம்.

அந்த வருடம் கந்தசட்டிக்குச் சில நாட்களுக்கு முன் அது மணலைக் கிண்டத் தொடங்கியது. மூலைக்கு மூலை கிண்டியது. கண்ணாடியைப் பிறாண்டியது. சாமிக்கு வைத்த பூவிலும் மணல். விரதம் தொடங்கிய அன்று, வீட்டுச் சொந்தக்காரியான மேல்வீட்டு அக்கா இறங்கி வந்தார்.

“என்ன பிள்ளை, விரத வீட்டில பூச்சி தின்னுறதைச் சாமிக்கு முன்னால வைச்சிருக்கிறீர்? படிச்சு என்ன பிரயோசனம்?”

ஊரில் பதினான்கு வருடம் விலங்கியல் படிப்பித்தவள் நான். சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும் என்று கரும்பலகையில் எழுதியவள். ஆனாலும் அந்த ஒரு பேச்சுக்கு அடங்கிப்போனேன். மணலைக் கொட்டிவிட்டு, தமிழ்க்கடையில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகையை மடித்து விரித்தேன். பெட்டியை உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்துக்கு மாற்றினேன். அங்கே ஒரே ஒரு பிளக். மெஷின் ஓடும்போதெல்லாம் சூட்டு விளக்கைக் கழற்றினேன். ஆறு நாளும் பூச்சி இல்லை, கீரை மட்டும். எங்களோடு அவனும் விரதம் இருக்கட்டும் என்று சிரிக்கவும் செய்தேன்.

ஐந்தாம் நாள் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து கத்தினாள்.

“அம்மா, அவன் மூவ் பண்ணுறானில்லை! வயித்தைப் பாருங்கோ!”

வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, தோலுக்குள் திராட்சைப் பழங்கள் போல உருண்டைகள். பின்கால்கள் இழுபட்டன. தொட்டேன். குளிர்ந்திருந்தது. உருண்டைகள் என்னவென்று விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது.

ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் பக்கத்து நகரமான ஒஷாவாவில்தான் இருந்தார். அடுத்த நாள் காலைதான் நேரம் கிடைத்தது. அது சூரன்போர் நாள். வாசலில் அக்கா பட்டுச் சேலையோடு நின்றார்.

“கோயிலுக்கு வராமல் உதைத் தூக்கிக்கொண்டு எங்கை?”

“முட்டை வெளியில வருகுதில்லை அக்கா. ஒஷாவாவுக்குப் போறன்.”

“தாடிக்காரனுக்கு முட்டையோ? கலியாணமும் இல்லாமல்?”

“உதுக்குக் கலியாணம் தேவையில்லை. கிண்ட மண்தான் தேவை. அதை நான்தான் பறிச்சுப்போட்டன்.”

“ஒரு ஓணானுக்காக விரதத்தைக் குழப்பப் போறீரோ?”

“ஓமக்கா. குழப்பத்தான் போறன்.”

மகள் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி ஓணானோடு வைத்து, மடியில் அணைத்திருந்தாள். வழியில் விட்பி தாண்டும்போது, “நீங்கள் ஸயன்ஸ் ரீச்சர்தானே அம்மா” என்றாள்.

முட்டையிட இடம் தேடித்தான் கிண்டியிருக்கிறது என்றார் வைத்தியர். ஈரமணலும் சூடும் கிடைக்காவிட்டால் சில இப்படி முட்டையை அடக்கிக்கொள்ளும். ஒப்பரேஷன் செய்தாலும் பிழைப்பது நிச்சயமில்லை. வலியில்லாமல் முடித்துவிடவும் வழி இருக்கிறது என்றார், மெதுவாக. ஒரு ஓணானுக்கு இதுவே அதிகம் என்று அவரும் நினைத்திருக்கலாம். “ஒப்பரேஷன் செய்யுங்கள்” என்றேன்.

இருபத்தொரு முட்டைகளையும் சூலகங்களையும் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மகள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஓணானை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, காலிப் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, “மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ” என்றாள். இருவருமாக அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனோம். அக்கா படியில் நின்று பார்த்தார்.

“திரும்பவும் சாமிக்கு முன்னாலயோ?”

“படத்தில மயிலின்ரை காலடியில என்ன கிடக்கெண்டு பாருங்கோ அக்கா. பாம்பு. அதோட நிக்கிறவருக்கு ஓணான் என்ன செய்யும்?”

அதற்குப் பிறகு எட்டுக் கந்தசட்டி வந்து போய்விட்டது. இப்போதும் முதலில் பெட்டிக்குள் கைவிட்டு, மணலில் சூடு இருக்கிறதா என்று பார்ப்பேன். சாமி விளக்கு அதற்குப் பிறகுதான்.