மகுடத்தை யார் தலையில் கட்டுவது?

போன சனிக்கிழமை கஹவத்தை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கமாட்டாரா பின்னே? மடியில் செங்கல் தடிமனுக்கு ஒரு புத்தகம். கையில் பென்சில். பக்கத்துக்கு ஒரு தரம் "யார்றா இவன்?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த ஹோல்ட்டில் இறங்கிவிடலாமா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

புத்தகம் என்னுடையது அல்ல. நான் படிப்பிக்கும் மாவனல்லையில் புடவைக் கடை வைத்திருக்கும் ஃபாரூக் நானாவுடையது. கடையில் ஆள் குறைந்த நேரமெல்லாம் இங்கிலீஷ் மாயாஜால நாவல் வாசிக்கிற மனிதர். போன மாதம் என்னிடம் தந்து சொன்னார்:

"வாசிச்சிப் பாத்திட்டு செல்லுங்க மாஸ்டர். அந்த ராஜா கதிரைக்கி ஞாயமான ஆள் யாரு? எனக்கி வெளங்குதே இல்ல."

நானா பேரம் பேசுவதில் கெட்டிக்காரர். அவருக்கே விளங்கவில்லையென்றால் நான் எந்த மூலைக்கு?

கதை இதுதான். எப்போதும் பனிமூட்டம் மூடிய மலை. உச்சியில் ஒரு கோட்டை. முதல் பக்கத்திலேயே ராஜா செத்துப்போகிறார். யாருக்கு ஆட்சி என்று சொல்லாமலே! பிள்ளைகள் மூன்று பேர். வாஸ்ரின், வாஸ்ரெல், வாஸ்ரியா. (எழுதியவருக்கு வேறு எழுத்தே கிடைக்கவில்லையா?) பேசுகிற ஓநாய் ஒன்று. நாலாம் அத்தியாயத்தில் செத்தவர்கள் ஒன்பதாம் அத்தியாயத்தில் வந்து புத்திமதி சொல்கிறார்கள்.

அப்புறம் அந்த மகுடம்... இரும்பு மகுடம். அதைச் சூடியவன் கோட்டை எல்லையைத் தாண்டி ஒரு அடி வைக்க முடியாது. வைத்தால் சாம்பல். ஆனால் யாராவது ஒருவர் சூடியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் கோட்டை பனிக்குள் மறைந்துபோகும். அந்த மகுடத்துக்குத்தான் மூன்று பேருக்கும் வெட்டுக்குத்து.

பாதிவரை மூத்தவனை எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி ஒரு அத்தியாயம் வருகிறது. அட, சரிதானே! அடுத்த அத்தியாயம் இளையவனுக்கு. அதுவும் சரிதானே! தங்கைக்காரி வாயைத் திறந்தாளோ இல்லையோ, நான் அவள் கட்சி. இவன் நல்லவன், இவன் கெட்டவன் என்று காட்டாமல் கதை எழுதினால் வாசிக்கிறவன் என்னதான் செய்வான்?

இந்தத் தலைவலியோடுதான் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் பிறந்த லயத்தில், வரிசையாக ஒட்டிய காம்பரா வீடுகளில் ஒன்றில், இப்போது தம்பி குடும்பம் இருக்கிறது. ஞாயிறு காலை. நம் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஊற்றிக்கொண்டிருந்தது. அடுத்த காம்பரா வாசலில் மாரியாயி அக்கா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். இந்த மாதத்தோடு வயது முடிந்து வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டுகிறார்கள்.

"என்னா மாஸ்டர் தம்பி, இம்மாம் பெரிய புஸ்தகம்? பரீட்சையா?"

"கதைக்கா. ராஜா கதை."

"மழையில மலைக்கும் போக முடியாது. சொல்லுங்க கேப்போம்."

சொன்னேன். ஓநாயைக் கேட்டுச் சிரித்தார். மகுடத்தின் சங்கதியைச் சொன்னதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"போட்டா வெளிய போக முடியாதா?"

"முடியாது."

"யாரும் போடலன்னா வீடு போயிரும்?"

"கோட்டைக்கா. ஆமா, போயிரும்."

"அதான் மூணு பேரும் சண்டை போடுதுங்க. நீ போடு, நீ போடுன்னு."

"இல்லக்கா. எனக்குத்தான் வேணும், எனக்குத்தான் வேணும்னு சண்டை."

மாரியாயி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் இங்கிலீஷைத் தப்பாக வாசித்துவிட்டேன் என்று சந்தேகம் போல.

"நல்லாப் பாருங்க தம்பி. வெளிய போக முடியாத வேலைய எவன் கேட்டு வாங்குவான்? ஒருத்தன் தலையில ஒருத்தன் கட்டத்தான் பாப்பானுங்க."

அரச பதவி, அதிகாரம், கௌரவம் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். "அது சரி, எதுக்கு?" என்று கேட்டார். இவ்வளவு பக்கம் வாசித்த நான் அதற்காக மறுபடி பக்கம் புரட்டத் தொடங்கினேன்.

மத்தியானம்தான் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று விளங்கியது.

எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். காம்பரா நமக்குச் சொந்தமில்லை. வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து தோட்டத்தில் வேலை செய்தால் குடும்பம் இருக்கலாம். மாரியாயி அக்காவின் பேரை வெட்டுவதற்குள் அந்தக் காம்பராவிலிருந்து இன்னொரு பேர் பதியவேண்டும். இல்லாவிட்டால் காம்பரா வேறு குடும்பத்துக்கு. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளைகள் மூன்று பேர். அன்றைக்கு மூன்று பேரும் வந்திருந்தார்கள்.

மூத்தவன் செல்வராஜ் கொழும்பில் ஹாட்வெயார் கடையில் வேலை, கடை மாடியிலேயே படுக்கை. வசந்தி அவிசாவளைப் பக்கம் கார்மென்ட், போர்டிங்கில் இருக்கிறாள். சின்னவன் ரவி கஹவத்தை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறான், மனைவியின் தாய்வீட்டில் ஒரு அறையில் குடித்தனம். அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் வைக்க மூன்று பேரிடமும் இடம் இல்லை.

"அண்ணே, நீங்களும் வந்து உக்காருங்க. ஒரு முடிவு எடுக்கணும்" என்று செல்வராஜ் என்னைக் கூப்பிட்டான்.

உட்கார்ந்தேன். சண்டை நடக்கும் என்று நினைத்தேன். நடந்தது என்ன தெரியுமா? மரியாதை!

"ரவிதான் அம்மாவுக்குச் செல்லம். இந்தக் காம்பரா அவனுக்குத்தான் சேரணும். நான் விட்டுக்குடுக்கிறேன்" என்றான் செல்வராஜ்.

"ஐயோ, மூத்தவரு இருக்கையில நான் எப்பிடிண்ணே? முறைன்னு ஒண்ணு இருக்கே" என்றான் ரவி. இவன் அண்ணனை இதற்கு முன் அவர் இவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"பொம்பளப் புள்ளைக்கு அம்மா வீட்டுல என்னா உரிமை? அண்ணனும் தம்பியும் பேசிக்கிடுங்க" என்றாள் வசந்தி. பள்ளிக்கூட நாளில் முட்டையில் பாதி தனக்கு வேண்டும் என்று இந்த லயத்தையே ரெண்டாக்கியவள் இவள்தான்!

சரி, யாருக்கும் காம்பரா வேண்டாமா? எல்லோருக்கும் வேண்டும். செல்வராஜின் ஐடென்டி கார்டில் இந்த விலாசம்தான் இருக்கிறது. கொழும்பில் செக்பொயின்ட்டில் நிறுத்தி ஊர் எது என்று கேட்டால் காட்டுவதற்கு அவனுக்கு வேறு ஊர் கிடையாது. வசந்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள், போர்டிங்குக்கா வரச்சொல்வது? ரவிக்கு மத்தியானச் சோறு இந்த அடுப்பில்தான்.

கோட்டை எல்லோருக்கும் வேண்டும். மகுடம் மட்டும் அடுத்தவன் தலைக்கு.

எனக்குக் கோபம் வந்தது. ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். என்ன சொல்ல? 'செல்வராஜ், நீ கடையை விட்டுவிட்டு வந்து பால் வெட்டு' என்றா? நான் வெட்டினேனா? பிள்ளைகள் மலைக்குப் போகக்கூடாது என்று பட்டினி கிடந்து படிக்கவைத்தவரே மாரியாயி அக்காதான். அவர் நினைத்தது நடந்திருக்கிறது. நடந்ததால்தான் இப்போது நிற்க இடம் போகப்போகிறது. யாரைக் கோபிப்பது?

பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. தேத்தண்ணி ஆறியது. ரவி இரண்டு தரம் எழுந்துபோய்த் த்ரீவீலைப் பார்த்துவிட்டு வந்தான்.

அதுவரை அடுப்படியில் இருந்த மாரியாயி அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போதும். கங்காணிகிட்ட கேட்டுட்டேன். மலைக்கு ஆள் பத்தாதாம். பேர் வெட்டினாலும் அன்னாடக் கூலியா கைக்காசுக்கு வந்தா, காம்பராவ இப்போதைக்குக் கேக்க மாட்டாங்களாம். நானே போறேன்."

முழங்காலைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். மூன்று பேருக்கும் அது தெரியும்.

முதலில் செல்வராஜ்தான் வாயைத் திறந்தான். "அம்மாவுக்கு என்னா, இன்னும் தெம்பாத்தானே இருக்காங்க?"

"ஹரி, ஹரி" என்று சிங்களத்திலேயே சரி சொல்லி ரவி முடித்துவைத்தான்.

வசந்தி எழுந்துபோய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனமார அழுதாள். ஆனால் "நான் வாறேன்" என்று சொல்லவில்லை.

திங்கள் விடிய பஸ்ஸுக்கு நடக்கும்போது மாரியாயி அக்காவைப் பார்த்தேன். பால்வாளியும் கத்தியுமாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு சிரித்தார். அன்றைக்குப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஃபாரூக் நானாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கதிரைக்கு ஞாயமான ஆள் யார்? தெரியாது நானா. துப்பறியும் நாவலில் குற்றவாளி யார் என்றாவது கடைசிப் பக்கத்தில் சொல்லிவிடுவார்கள். மாரியாயி அக்கா வீட்டில் அப்படி யாரும் இல்லை.

மூன்று பேரும் நல்ல பிள்ளைகள்.