ஓரம் தட்டிய மாத்திரை

என் அக்கா புருஷனுக்குச் 'சரிங்க' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சலூனில் முதல் நாற்காலி அவருடையது, இரண்டாவது என்னுடையது. மீசையைக் குறைக்கச் சொன்னாலும் சரிங்க, குறைத்தது தப்பு என்றாலும் சரிங்க. எங்கள் அப்பா அவரிடம் சவரம் செய்துகொள்ளும்போது, "என் பொண்ணக் கட்டிக்கிறியாப்பா?" என்று கேட்டார். அதற்கும் அதே பதில்தான். அக்காவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. "யோசிக்கவே இல்லடா, பட்டுனு சொன்னாரு" என்பாள். எனக்கு வாய் நீளம், அக்காவுக்கு அதைவிட நீளம். குடும்பத்தில் ஒருத்தராவது தலையாட்ட வேண்டாமா?

முதல் வலிப்பு கடையில்தான் வந்தது. சோப்பு நுரை கலக்கிக்கொண்டிருந்தவர் வேரற்ற மரம்போலச் சாய்ந்தார். நான் பதறிப்போய் கையில் இருந்த சீப்பை அவர் வாயில் செருகினேன். சீப்புக்கு மூன்று பல் போயிற்று, அத்தானுக்கு ஒன்று. வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். அவர் இதைச் சொன்ன தொனியை நான் இங்கே எழுதப் போவதில்லை.

டாக்டரம்மா காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வலிப்ப நல்லா கட்டுப்படுத்தும். ஆனா சிலருக்குத் தூக்கம் வரும், தலை சுத்தும். சிலருக்குக் கோபம் வரும், மனசு சரியில்லாமப் போகும். அப்படி இருந்தா வந்து சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, குறைக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் கத்தியத் தொடாதீங்க" என்றார். அக்காவின் காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுந்தது.

வலிப்பு நின்றது. அத்தான் கத்தரியோடு மட்டும் காலத்தை ஓட்டினார். சவரமெல்லாம் என் தலையில் விழுந்தது. ஒருநாள் டாக்டரம்மா, இனிமேல் கத்தி பிடிக்கலாம் என்று சொன்னார். அன்றைக்கு அத்தான் கத்தியைத் துடைத்த துடைப்பில் எனக்கே கண் கலங்கியது.

கோபமும் அதற்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. குதிரை வாங்கப் போன மாப்பிள்ளையின் கதையை ஒவ்வொரு முறையும் சொல்வார். அன்றும் சொன்னார். அத்தான் கையை நிறுத்தி, "கதை நல்லா இல்ல" என்றார். பேங்க்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வீட்டில் அக்கா வழக்கம்போல, "குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். "என்னைக்குமே இல்ல" என்றாராம். அக்கா என்னிடம் வந்து புலம்பினாள். நான் சிரித்துத் தொலைத்தேன்.

ஆனால் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. துண்டு ஒன்று கீழே விழுந்ததற்காக அத்தான் வெந்நீர்க் கிண்ணத்தைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தார். பெரிய கண்ணாடி நொறுங்கிப் போயிற்று. கடை முழுக்கக் கண்ணாடித்துண்டு. அதன் நடுவில் நின்றுகொண்டு, "மாப்ள, இது நான் இல்லடா" என்று தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாளே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். யார் போனார்கள்? நாங்கள் முடி வெட்டுகிறவர்கள். எது அதிகமானாலும் ஓரத்தில் கொஞ்சம் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய எண்ணம். அத்தான் யாரிடமும் சொல்லாமல் பிளேடால் மாத்திரையை ஓரம் தட்ட ஆரம்பித்தார். முதலில் ஒரு சீவல். பிறகு பாதி. பிறகு, பிடரியில் மிஷின் விடுவதுபோல, மிச்சம் ஒன்றும் இல்லை.

கோபம் போயிற்று. 'சரிங்க' திரும்பி வந்தார். ஊரே கொண்டாடியது. பேங்க்காரரும் திரும்பி வந்து, தாடையில் நுரையோடு சாய்ந்து உட்கார்ந்து குதிரைக் கதையைத் தொடங்கினார். கதையில் மாப்பிள்ளை இன்னும் சந்தைக்குப் போய்ச் சேரவில்லை, அதற்குள் அத்தானின் கை அந்தரத்தில் நின்றது. புதுக் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். கண் இருந்தது, ஆள் இல்லை. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். கத்தி என் உள்ளங்கையைக் கிழித்தது. அத்தான் விழுந்தார். பேங்க்காரர் நுரையோடு தெருவில் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று எனக்குத் தெரியாது. இந்த முறை சீப்பைத் தேடவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாத்திரை என்ன தலைமுடியா, உங்க இஷ்டத்துக்கு ஓரம் தட்ட?" என்று, அத்தான் உண்மையை ஒப்புக்கொண்டதும் டாக்டரம்மா சத்தம் போட்டார். "திடீர்னு குறைச்சா வலிப்பு முன்னவிட மோசமா வரலாம், உயிருக்கே ஆபத்து."

"அப்ப வலிப்பா, கோபமா, ஏதாவது ஒண்ணோட குடும்பம் நடத்தணுமாம்மா?" என்றாள் அக்கா.

"எதுக்கு? வேற மருந்து இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா மாத்துவோம். அதுலயும் ஒரு வம்பு உண்டு. உடம்புல தடிப்பு வந்தா அன்னைக்கே ஓடி வரணும்." பிறகு அத்தானிடம் திரும்பினார். "விழாம, சும்மா கொஞ்ச நேரம் நினைவு மட்டும் தப்பறது உண்டா?"

அத்தான் தலையைச் சொறிந்தார். "சின்ன வயசுலேருந்தே உண்டுங்க. ஒருத்தர் பேசிட்டே இருப்பாரு, நடுவுல எனக்கு விட்டுப்போயிடும். என்ன கேட்டாருன்னு தெரியாது. 'சரிங்க'ன்னு சொல்லிட்டா சந்தோஷமாப் போயிடுவாங்க. எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சேன்."

"அதுவும் வலிப்புதாங்க" என்றார் டாக்டரம்மா.

வீடு வரும்வரை அக்கா வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு அதிசயத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா கேட்ட நேரத்தில் மனுஷன் அங்கே இருந்தாரா, இல்லையா?

"கேட்டுட வேண்டியதுதானே" என்றேன்.

"இப்பக் கேட்டா எந்த மாத்திரை பதில் சொல்லும்னு தெரியாதுடா. முதல்ல ஆளு வரட்டும்."

மருந்தை மாற்றிக்கொண்டே வந்தோம். தினமும் அவரை என் நாற்காலியில் உட்கார வைத்து, விளக்கை இழுத்துக் கழுத்து, முதுகு எல்லாம் தடிப்பைத் தேடினேன். கொசுக்கடி ஒன்றைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா கொசுக்கடி என்றார். வந்து காட்டியது நல்லது என்றும் சொன்னார், முதல் தடவையாக.

ஒருநாள் அக்கா சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்தாள். பேங்க்காரர் அத்தானிடம் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தார். கத்திக்கு டாக்டரம்மா இன்னும் அனுமதி தரவில்லை. அது தெரிந்துதான் அவரும் வந்திருந்தார். குதிரைக் கதை நடந்தது. அத்தான் கடைசிவரை கேட்டார். "கதை நல்லா இல்லீங்க. வேற இருந்தாச் சொல்லுங்க" என்றார், பச்சைத் தண்ணீர் மாதிரி சாந்தமாக.

அக்கா கேரியரைக் கீழே வைத்தாள். "என்னங்க, எங்கப்பா என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்போ, நீங்க இருந்தீங்களா, விட்டுப்போயிருந்தீங்களா?"

"தெரியலயே" என்றார். அக்காவின் முகம் வாடிப்போயிற்று. அவர் கத்தரியைப் பலகையில் வைத்தார். "இப்பக் கேளு."

"பத்து வருஷம் கழிச்சா?"

"கேளேன்."

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவர் உடனே சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் நான் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். ஆள் இருந்தார், யோசித்துக்கொண்டிருந்தார்.

"சம்மதம்" என்றார். "குழம்புல மட்டும் உப்பு கொஞ்சம் கூடப் போடணும்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க" என்றாள்.