கல்லறைக் கல்லுக்குக் காவல்

அருங்காட்சியகக் காவல் வேலையில் முதலில் தேய்வது சப்பாத்து, அடுத்தது கொள்கை. நின்றே சம்பளம் வாங்கும் சக தோழர்களுக்கு இது புரியும். ஊரில் சாமிகளுக்கும் புனிதர்களுக்கும் எதிராகத் துண்டுப்பிரசுரம் எழுதி அடியும் வாங்கியவன் நான். சுவிஸில் எனக்குக் கிடைத்த உத்தியோகம், ஆதிக் கிறிஸ்தவர்களின் கல்வெட்டுகளைக் காப்பது.

ஒரு தகப்பனின் ஏற்பாடு

எங்கள் கூடத்தில் மிகச் சிறிய கல்லுக்குத்தான் பெரிய பெயர். இறந்த மகளைப் புனிதர் ஒருவரின் கல்லறைக்கு அருகே புதைத்ததாக ஒரு தகப்பன் லத்தீனில் வெட்டுவித்திருக்கிறான். உயிர்த்தெழும் நாளில் புனிதர் பிள்ளையைக் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை.

"அப்படியொரு புனிதர் இருந்தாரென்று இதை வைத்து எப்படிச் சொல்வீர்கள்?" என்று, அந்தக் கல்வெட்டுகளைப் படிக்க வரும் ஆய்வாளர் அம்மையாரை மடக்கினேன். என் வாதத்துக்கு ஊரில் பாதிரியாரே வியர்த்தவர். அம்மையார் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"இருந்தாரா என்று கல் சொல்லாது. அவரை நம்பி ஒருவர் பிள்ளையை ஒப்படைத்தார் என்று சொல்லும். எனக்கு அது போதும்."

தொடக் கூடாது

எம்மன்புரூக்கே என்ற ஊரிலிருந்து நம்மவர் குடும்பம் ஒன்று வந்தது. சைவக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியாம். தாய் நேராக வந்து அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை எண்ணெய் எழுத்தை அரிக்கும் என்று விளக்கினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். புனிதர் கல்லுக்குள் இல்லை என்றும் சொன்னேன்.

"ஓம் அண்ணை. ஒருத்தரும் இல்லாத கல்லுக்கு நீங்கள் ஏன் நாள் முழுக்கக் காவல் நிக்கிறியள்?"

நாலு பக்க மனு

கூடத்தைத் துடைக்கும் றெஜினா மன்னார்க்காரி, இருப்பது ஓஸ்டர்முண்டிகனில். கணவரைப் புதைத்த இடத்துக்கான இருபது வருடத் தவணை முடிந்துவிட்டது, கல்லறையை எடுக்கப் போகிறோம் என்று கெமைண்டேயிலிருந்து, அதாவது ஊராட்சியிலிருந்து, அவருக்குக் கடிதம். அந்தச் சின்னக் கல்லைக் காட்டிக் கேட்டார்: "இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு காலம் கல் நிக்குது. என்ரை மனுசன்ரை பேர் குப்பைக்குப் போறதோ? ஒரு மனு எழுதித் தாங்கோ."

பேனையைத் தொட்டுப் பல வருடம். நிலப்பிரபுக்களில் தொடங்கி நாலு பக்கம் எழுதினேன். ஜெர்மனில் எழுதியதைத் தமிழில் உரக்க வாசித்தும் காட்டினேன். றெஜினா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"அண்ணை, நான் கல்லைத்தான் கேட்டனான். அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சொல்லேல்லை."

பதில்

நாலு பக்கத்துக்கு இரண்டு வரியில் பதில் வந்தது: இடத்தைத் தொடர்ந்து தர முடியாது, கல்லைக் குடும்பத்தார் எடுத்துப் போகலாம். மனு இல்லாவிட்டாலும் விதி அதுதானாம். அதை நான் றெஜினாவிடம் சொல்லவில்லை.

இருவருமாகக் கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய், அவருடைய பால்கனியில் தக்காளிச் சாடிகளுக்கு நடுவே நிறுத்தினோம். கட்டடத்தைப் பராமரிக்கும் சுவிஸ்காரர் சந்தேகத்தோடு மேலே வந்தார். பாரத்தை யோசித்தார், பரவாயில்லை என்றார். பிறகு பெயரை வாசித்துவிட்டு, கீழ்ப்பாதி ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டார். அதை றெஜினாவுக்குத் தமிழில் சொன்னேன். றெஜினா ஈரத்துணியால் அந்த வெறும் பாதியைத் துடைத்தார்.

"அது எனக்கு விட்ட இடம். அவசரமில்லை எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

என் போராட்டங்களில் மூன்றாம் மாடி வரை போய்ச் சேர்ந்தது இது ஒன்றுதான், அதுவும் லிஃப்டில்.