வானுக்கு ஊற்றிய தண்ணீர்

அன்று பகல் ஒரு மணிக்கு என் மனைவி டயலிசிஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். முந்திய முறை காய்ச்சலால் தவறிவிட்டது. இன்னொன்றும் தவறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று தாதி ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அவளுடைய கால்கள் முழங்கால்வரை வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. குடிக்கும் தண்ணீரையும் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

சக்கர நாற்காலியோடு அவளை ஏற்றும் சாய்தளம் எங்கள் பழைய வான் வண்டியில் உண்டு. அதன் எஞ்சினிலிருந்து ஹீற்றருக்குச் சுடுநீர் கொண்டு செல்லும் ரப்பர் ஹோஸை மாட்ட எஞ்சினில் திருகியிருக்கும் சிறிய இரும்பு இணைப்பு, முந்திய நாள் கசியத் தொடங்கியது. புதியதொன்றை வாங்கி வந்தேன். அரை மணி நேர வேலையென்று எண்ணி, காலை ஒன்பது மணிக்கு, மல்கிரேவ் புறநகர் வீட்டு முற்றத்தில் எஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்தேன்.

பத்தரை மணியாகியும் பழைய இணைப்பு அசையவில்லை. துரு நீக்கும் எண்ணெய் தெளித்தேன், சுத்தியலால் தட்டினேன், ஸ்பானரில் குழாயொன்றைச் செருகி, நீளம் கூட்டி இழுத்தேன். முறிந்தது. பாதி என் கையில், மறுபாதி எஞ்சினுக்குள். முறிந்த வாயில் செங்கல் நிறச் சேறு.

காரணம் எனக்குத் தெரியும். குடிவந்த இந்நாட்டிலும் நான் ரேடியேற்றருக்குக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். எஞ்சின் துருப்பிடிக்காமல் ஊற்றும் கூலன்ற், சாயம் போட்டு விற்கும் தண்ணீர்தான் என்பது என் எண்ணம். மகன் வாங்கித் தந்த கூலன்ற் போத்தல் கராஜில் மூடி திறவாமல் கிடந்தது.

போன் செய்து கேட்டேன். சக்கர நாற்காலி ஏற்றும் வாடகை ரக்சி இரண்டு மணிக்குத்தான் வருமாம். ஒன்றரைக்கு மேல் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றது நிலையம்.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, கழண்டிட்டுதே?"

"முறிஞ்சு போச்சு. பைப் தண்ணி ஊத்தின துரு."

"எனக்கு ஒரு நாளைக்கு மூண்டு கப் தண்ணி எண்டு அளந்து தாறியள். வானுக்கு மட்டும் வாளி வாளியா ஊத்தியிருக்கிறியள்!"

சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று.

இரும்பறுக்கும் வாளின் தகடு ஒன்றுக்குப் பிடியாகத் துணி சுற்றி, முறிந்த துண்டின் துளைக்குள் விட்டு அறுக்கலானேன். சற்று ஆழமாக அறுத்தால் எஞ்சினின் திருகுப்புரியே போய்விடும். பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. என் கை அவளுடைய மூச்சின் வேகத்துக்கு ஓடுவதை உணர்ந்து இருமுறை நிறுத்தினேன். உளியால் உள்நோக்கி மடக்கியபோது, பன்னிரண்டே முக்காலுக்கு, துண்டு கழன்று வந்தது. புதியதைப் பூட்டி, ஹோஸை இறுக்கி, மகனின் போத்தலைத் திறந்து முழுவதையும் ஊற்றினேன்.

அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வெளியே ஆடிக் குளிர்; இந்நாட்டில் ஆடி குளிர்காலம். எஞ்சின் வெப்பமானியின் முள்ளிலேயே என் கண் இருந்தது.

"குளிருதப்பா. ஹீற்றரைப் போடுங்கோவன்."

"கொஞ்சம் பொறுங்கோ."

"காலமை துவக்கம் பொறுத்தனான்தானே!"

போட்டேன். சூடு வந்தது, முள் ஏறவில்லை.

ஒன்று இருபத்தாறுக்கு அவளை நிறை பார்க்கும் தட்டில் ஏற்றினோம். உடம்பில் நாலரைக் கிலோ நீர் கூடியிருப்பதாகத் தாதி ஆங்கிலத்தில் சொல்லி என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்கள் அளந்துதான் தந்தனீங்கள். நேற்று நீங்கள் சாமான் வாங்கப் போக, நான்தான் களவாத் தண்ணி குடிச்சனான்."