மூட்டம் கலைக்கப் போனவர்கள்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு சிட்னியின் டூங்கபியிலிருந்து ரஞ்சன் அண்ணனின் கார் கிளம்பியது. மெல்போர்ன் எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் அண்ணன் விமானம் ஏறவே மாட்டார். துணைக்கு ஆள் வேண்டும் என்று ஸ்ட்ராத்ஃபீல்டில் சும்மா இருந்த என்னைப் பிடித்துப் போட்டுக்கொண்டார். ஐஸ் ஹாக்கி பார்க்கப் போகிறோம் என்றார். திருநெல்வேலிக்காரனான எனக்கு ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான் தெரியும்.

அவருடைய மகள் அபி கோல்கீப்பர். பெண்களுக்கான ஐஸ் ஹாக்கி லீக் ஒன்று இந்த நாட்டில் நடக்கிறது. தொழில்முறை லீக் என்றுதான் பெயர், ஆனால் ஆடுகிற எல்லோரும் வாரநாட்களில் வேறு வேலைக்குப் போகிறார்கள். அபி பிசியோதெரபிஸ்ட். அவள் ஆடிய ‘பெலிகன்ஸ்’ அணி, சிட்னியில் அவர்களுடைய பனித்தளத்தை இடித்ததும் கலைந்துபோனது. இந்த லீக்கில் அது சாதாரணம். ஓர் அணி சாகும், வேறோர் ஊரில் புதிதாக ஒன்று பிறக்கும். இந்த வருடம் மெல்போர்னில் பிறந்தது ‘ஹெரன்ஸ்’. அதில் ஒரே ஒரு கோல்கீப்பர் இடம் பாக்கி. அதற்காக அபி இரண்டு வாரம் முன்பே போய்விட்டாள். கூழைக்கடா நாரையாகப் போகிறது என்று நான் கேலி செய்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

“இடம் கிடைச்சா அவள் மெல்பேர்ணிலயே இருந்திடுவாள் தம்பி. கிடைக்காட்டி வீட்ட வருவாள். மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனனான். எதைக் கேக்கிறதெண்டு தெரியாமல் சும்மா கும்பிட்டுட்டு வந்தனான்” என்றார்.

அபி என்ன சொன்னாள் என்று கேட்டேன். “‘சண்டே வாங்கோ அப்பா’ எண்டு மட்டும் மெசேஜ் போட்டவள்.”

வழியில் குண்டகாயில் காப்பி, ஐந்தரை டாலர். குடிக்கவே முடியவில்லை.

ஞாயிறு மதியம் மெல்போர்னில் வெயில் கொளுத்தியது. பனித்தளம் நகரத்தின் வடக்கே, கிடங்குகள் மட்டுமே உள்ள தெருவில் இருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. கார்கள் வரிசையாக நிற்கின்றன, ஆட்களைத்தான் காணோம். இரும்புக் கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அறைந்தது. டிக்கெட் இருபது டாலர்.

உள்ளே நானூறு பேர் இருக்கலாம். எனக்கு முதலில் உறுத்தியது அவர்கள் போட்டிருந்த சட்டைகள். ஆடப்போகிற இரண்டு அணிகளின் சட்டை பத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. மற்றவர்களின் மார்பில் வௌவால், சுறா, கடல்நாய். அந்த அணிகள் எப்போது ஆடும் என்று பக்கத்தில் இருந்த, கடல்நாய்ச் சட்டை போட்ட பெண்மணியிடம் கேட்டேன். எதுவுமே இப்போது இல்லை, எல்லாம் கலைந்துவிட்டன என்றார். யாரையோ விசாரித்ததற்கு, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பதில் வந்ததைப் போல இருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவே உட்காரவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஹெரன்ஸ் அணியின் கோல்கீப்பர் முகமூடியும் தடித்த கால் கவசமுமாக வந்து நின்றாள்.

“அதுதான் எங்கட பிள்ளை!” அண்ணன் எழுந்துவிட்டார். அதன் பிறகு அவர் உட்காரவே இல்லை. அவள் தடுத்த ஒவ்வொரு பந்துக்கும் கத்தினார். கைப்பேசியில் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். இந்த விளையாட்டில் அது பந்துகூட இல்லை, தட்டையான கறுப்பு ரப்பர் வில்லை. அதை அப்போது அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் பகுதி முடியும் தறுவாயில் பனித்தரையிலிருந்து மூட்டம் கிளம்பியது. வெளியே புழுக்கம் கூடினால் இந்தப் பழைய கட்டடத்தில் இப்படித்தான் ஆகுமாம். முதலில் முழங்கால் மறைந்தது, பிறகு இடுப்பு. கொஞ்ச நேரத்தில் தலைகள் மட்டும் மிதந்து திரிந்தன. அதுவும் போனது. நடுவர் விசில் அடித்தார். எதுவும் தெரியவில்லை. பனியைக் கீறுகிற சத்தம் மட்டும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இரண்டு அணிகளும் சேர்ந்து தளத்தைச் சுற்றிச் சுற்றிச் சறுக்கினால் காற்று அசைந்து மூட்டம் கலையும் என்று கடல்நாய்க்காரி விளக்கினார். அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்து இன்னும் சிலர் உள்ளே போனார்கள். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வௌவால் சட்டை எங்களைக் கடந்து மறைந்தது. பின்னால் ஒரு சுறா. தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. கலைந்துபோன அணிகள் எழுந்து வந்துவிட்டன என்றே ஒரு கணம் நம்பினேன்.

“யார் இவர்கள்?”

“அணி இல்லாதவர்கள். மூட்டம் கலைக்க மட்டும் அவர்களும் இறங்கலாம். கடைசியாக ஆடிய அணியின் சட்டையில்தான் இறங்குவார்கள், அதுதான் இங்கே வழக்கம்.”

அடுத்த சுற்றில் ஒரு பெலிகன் வந்தது. முப்பத்தொன்றாம் எண். இடது தோளைச் சற்றுத் தூக்கியபடி எங்கள் முன்னால் சறுக்கிப் போனது.

அண்ணன் கைப்பேசியை இறக்கினார். மூட்டம் சற்று மெலிந்த இடைவெளியில், கோல் வலையருகே நின்ற முகமூடிக்காரியைப் பார்த்தார். திரும்ப மூட்டத்தைப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார். இவ்வளவு நேரமும் யாரோ பெற்ற பிள்ளைக்குக் கத்தியிருக்கிறார்.

மூட்டம் விலகியதும் அபி வந்து அவர் பக்கத்தில் அமர்ந்தாள். தலைமுடி நனைந்திருந்தது.

“சொல்லியிருக்கலாமே பிள்ளை.”

“போன்ல சொல்ல ஏலாமப் போச்சுது அப்பா. சாரி.”

“சரி, விடு. சாமானை எடு. வீட்ட போவம்.”

“நோ அப்பா. மூட்டம் திரும்ப வரும். கலைக்கிறதுக்கு ஆக்கள் காணாது.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “அடுத்த வருசம் புது டீம் ஒண்டு வருமெண்டு சொல்லீனம். அதுவரைக்கும் இஞ்ச நிக்கிறன். ஐ ஹாவ் டு ஸ்கேட்.”

இரண்டாம் பகுதியில் மூட்டம் மறுபடி வந்தது. அபி எழுந்து கதவைத் திறந்து உள்ளே போனாள். இரண்டடியில் காணாமல் போனாள். அண்ணன் கண்ணாடித் தடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

“பெலிகன்ஸ்!”

பின்னால் எங்கேயோ ஒரு குரல் வௌவால் அணியின் பெயரைச் சொன்னது. கடல்நாய்க்காரி தன் அணியின் பெயரைச் சொன்னார். அப்புறம் அரங்கு முழுவதும் இல்லாத அணிகளின் பெயர்கள். அவற்றுக்குப் பதில் போல உள்ளே சறுக்கும் சத்தம் வேகம் பிடித்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

எங்கள் ஊரில் கபடிக் குழு கலைந்தால், பனியன் மறுநாளே பைக் துடைக்கப் போய்விடும். அதை நினைத்து வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

வழியில் ஆல்பரியில் இரவு தங்கி, திங்கள் காலை சிட்னி சாலையைப் பிடித்தோம். காரில் நாங்கள் இருவர்தான். குண்டகாயைத் தாண்டியதும் அண்ணன் சொன்னார்:

“அவள் வீட்ட வரேல்லை எண்டு எனக்குக் கவலைதான் தம்பி. நேற்று நான் கூப்பிட்டவுடன எழும்பி வந்திருந்தாள் எண்டால், அந்தக் கவலையை என்னால தாங்கியிருக்க ஏலாது.”