தோளில் கிடந்த வயர்

பிளக்கைப் பிடுங்கி, வயரைத் துண்டு போடுவதுபோல் இடது தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான், வீடு வீடாகப் போய் ஓவன் பழுதுபார்க்கும் ஓவனக்கா தரையில் உட்காருவார். பிளக் அவர் மார்பில் தொங்க வேண்டும். "கை உள்ளே இருக்கிறப்ப எந்த மகராசனாவது வந்து சுவிட்சைப் போட்டா என்ன ஆவுறது? இது என் மேல கிடந்தா எவனாலயும் சொருக முடியாது." வயர் குட்டையாக இருந்தால் ஓவனோடு இன்னும் ஒட்டி உட்காருவாரே தவிர, தோளிலிருந்து இறக்க மாட்டார்.

உட்கார்ந்ததும் விசாரணை. எல்லா ஓவனும் அவருக்கு மாப்பிள்ளைதான். "மாப்பிள்ளை எப்ப முறுக்கிக்கிறாரு? போட்ட உடனேயா, சூடேறின பிறகா?" அடுத்து, "கடைசியா இவரைத் தொட்டது யாரு?" இரண்டாவது கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "யாருமே தொடலியே." அக்கா பெரிதாகத் தலையாட்டிக்கொள்வார். ஒரு சொல்லும் நம்ப மாட்டார்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. வலது கை மடிப்புக்குள் ஒரு காந்தத் துண்டை வைத்துத் தைத்திருக்கிறார். கழற்றுகிற திருகாணியெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். பாதி வேலையில் பார்த்தால் மணிக்கட்டில் இரும்பு வளையல் அடுக்கியதுபோல் இருக்கும். ஒரு காலத்தில் ஓவன் செய்யும் தொழிற்சாலையில் கதவு மாட்டிக்கொண்டிருந்தவர். நாள் முழுக்கக் கதவையே மாட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வராமலா இருக்கும்? அந்த ஆசை இன்னும் அடங்கவில்லை. பஸ் ஓட்டுகிற கணவருக்கு இதில் தீராத குறை. "சொந்தக்காரங்க வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போனோம். அழுதுட்டு இருந்தவளைக் காணோம். எங்கடான்னு தேடினா ஃபிரிட்ஜுக்குப் பின்னால குந்தியிருக்கா!"

திருகாணியில் கை வைக்கும் முன்பே "ஆச்சு" என்று சொல்வது அக்காவின் வழக்கம். வந்து எட்டிப் பார்க்கிறவர்களிடமும் "ஆச்சு", போனில் அடுத்த வீட்டுக்காரர் கத்தினாலும் "ஆச்சு". சொன்னபடி ஆகியும்விடும். ஆனால் அந்தச் சொல்லைவிட அவர் நம்புவது தம் சாப்பாட்டுப் பெட்டியை. மதியச் சாப்பாட்டை ஆறிப்போனதாகத்தான் எடுத்து வருவார். சரிசெய்த ஓவனில் முதலில் போவது அந்த எவர்சில்வர் பெட்டி. "ஓடுதான்னு மீட்டர் சொல்லும். ஓடிக்கிட்டே இருக்குமான்னு என் சாப்பாடுதான் சொல்லணும்." சாப்பாடு ஆவி பறக்க வெளியே வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். ஆறின சோற்றை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

அன்று போன வீட்டில் ஒரு இளம்பெண் பன் சுட்டு விற்கத் தொடங்கியிருந்தாள். எதிர்த்தெரு கிளினிக்கில் சாயங்காலம் ஒரு விருந்து. அதற்குக் கொடுக்க வேண்டிய பன்கள்தான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ஓவனோ ஒரு வாரமாகச் சூடேறியதும் வீட்டின் மொத்தக் கரண்டையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. உள்ளறையில் அவள் கணவன் கம்ப்யூட்டரில் மேலதிகாரிகளோடு பேசிக்கொண்டே வேலை பார்க்கிறவன். கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் அவன் பேச்சு பாதியில் அறுந்துபோகும்.

"இன்னிக்கு ஒரு தடவை கரண்ட் போனாலும் இந்தப் பெட்டி வீட்டில இருக்காது. பன்னும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டாருக்கா," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

"சொல்லிட்டுப் போறாரு. மாவு பிசைஞ்சிட்டியா?"

"உருட்டி வெச்சாச்சு. பொங்கிக்கிட்டு இருக்கு. ரொம்ப நேரம் தாங்காது."

"ஆச்சு, ஆச்சு."

வயர் தோளுக்கு ஏறியது. கரண்ட் கசிவை அளக்கும் கருவியை எடுத்து ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுப் பார்த்தார். அடியில் இருக்கும் சூட்டுக் கம்பியில் முள் லேசாக ஆடியது. அக்காவுக்கு அது போதும். "இந்தா, மாட்டிக்கிட்டாரு." பையிலிருந்து புதுக் கம்பியை எடுத்து மாட்டினார். ஓவன் சமையலறை நடுவில் நிற்கும்போதே போட்டுப் பார்த்தார். கம்பி சிவந்தது, சூடு ஏறியது, கரண்ட் அசையவில்லை. ஓவனை மேடைக்கு அடியிலிருந்த அதன் பொந்துக்குள் தள்ளிவிட்டு, வழக்கம்போல் சாப்பாட்டுப் பெட்டியை உள்ளே வைத்தார்.

உள்ளறையிலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. "அதாவது சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

டப்.

என்ன சொல்ல வந்தான் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. கணவன் வாசலில் வந்து நின்றான். கத்தவில்லை. "போதும்மா. நாளைக்கு யாரையாவது வரச்சொல்லி இதைத் தூக்கிடலாம்," என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மாவுத் தட்டுகளின் மேல் போட்டிருந்த ஈரத்துணி மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பெட்டியை வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புகூட இல்லை. ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"நீங்க சாப்பிட்டுட்டுப் பாருங்கக்கா, மணி என்னாவுது."

"சும்மா இரும்மா."

ஓவனை மறுபடி வெளியே இழுத்தார். பிளக்கைப் பிடுங்கினார். கை தன்னால் வயரைத் தோளில் போட்டது. உட்காரவில்லை. "வெளியே நின்னா பரம சாது. உள்ளே போனா பூதம். மாப்பிள்ளை, உள்ளே போறப்ப மட்டும் உனக்கு என்னடா மாறுது?" மரியாதை தேய்ந்துவிட்டிருந்தது. ஓவனுக்கும் பொந்துக்கும் நடுவே பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு தம் தோளைப் பார்த்தார்.

வயர் தோளிலிருந்து ஓவன் வரைக்கும் விறைப்பாக, நேராக இருந்தது. அளந்தபோதும் இப்படித்தான் இருந்தது. ஓடவிட்டுப் பார்த்தபோதும் மடங்காமல்தான் கிடந்தது.

அக்கா வயரைத் தோளிலிருந்து இறக்கினார். பிளக்கை ஒரு கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, சுவரோடு நசுங்கினால் எப்படி மடங்குமோ அப்படி வயரை ஓவனின் முதுகில் அழுத்தினார். வயர் உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையத்தைக் காணோம். தகரத்தின் விளிம்பு பட்ட இடத்தில் வயரின் தோல் மீன்வாய்போல் திறந்தது. உள்ளே செம்பு தகரத்தைத் தொட்டபடி மினுங்கியது.

"அடப்பாவி! குத்தவாளியைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு, ஒண்ணுந்தெரியாத கம்பியைப் பிடிச்சு உள்ளே போட்டுட்டேனே!"

"அலமாரிக் கதவு இடிக்குதுன்னு போன வாரம் இவருதான் இதை முட்டித் தள்ளினாரு," என்றாள் அவள் மெதுவாக.

"கடைசியா யாரு தொட்டாங்கன்னு கேட்டேனேம்மா?"

"தள்ளினதெல்லாம் தொட்டதுல சேருமா?" என்றான் கணவன்.

"தொடாம தள்ளுற வித்தை தெரிஞ்சா எனக்கும் சொல்லிக் குடுங்க தம்பி. இடுப்பு வலி மிச்சமாகும்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெயினைத் தூக்கிவிட்டு உள்ளே போனான்.

அக்கா கழற்றிய பழைய கம்பியைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தார். "இது நிரபராதி. லேசா ஈரம் வாங்கியிருந்துது, அதான் முள்ளு ஆடிச்சு. பத்திரமா வை." வெட்டுப்பட்ட வயரை முழுதாக எடுத்துவிட்டு, சூடு தாங்கும் புது வயர் போட்டார். ஓட்டைக்குப் புது ரப்பர் வளையம் வைத்தார். பொந்தின் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். "உங்க வீட்டுக்காரரு எவ்வளவு கோபத்தில இருந்தாலும் இந்தக் கோட்டோட நிறுத்திக்கணும்." ஓவனைக் கோடுவரை தள்ளினார்.

அவள் ஜன்னல் கட்டையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினாள். முதலில் எது உள்ளே போகும் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டார். தட்டுகளைப் பார்த்தார். மாவு உருண்டைகள் துணிக்கு வெளியே கன்னம் காட்டிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் விட்டால் அமுங்கிவிடும்.

"தட்டை வை."

"ஒரு தடவை போட்டுப் பாக்காமலா?"

"வைம்மா."

அவள் இரண்டு தட்டையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். சுவிட்சைப் போட்டுவிட்டு விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளறையில் குரல் மறுபடி ஆரம்பித்தது. "சார், விட்ட இடத்திலேருந்து சொல்றேன்..." கம்பி சிவந்தது. குரல் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நீளமான, இவ்வளவு சப்பென்ற பேச்சை அவள் இதற்கு முன் இத்தனை ஆசையாகக் கேட்டதில்லை.

"ஆச்சாக்கா?" என்றாள், திரும்பாமலே.

எவர்சில்வர் மூடி திறக்கும் சத்தம்தான் கேட்டது. அக்கா ஓவனுக்கு முதுகைக் காட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆறின சோற்றைப் பிசைந்து முதல் வாய் எடுத்து வைத்தார்.