கட்டிப்போட்ட இடது கால்

லாரி ஓட்டிய காலத்தில் பாண்டுரங்கன்மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. உத்திரமேரூரில் மணவாளன் என்பவரின் ரைஸ் மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு, வந்தவாசி என்று போய்வருவான். குடி கிடையாது. வண்டியில் கொளுத்தும் ஊதுபத்தி வாசனை எப்போதும் சட்டையில் இருக்கும். நான் அந்த ஊரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். அவன் பிள்ளைகள் இரண்டும் என் கையில் பிறந்தவை.

எழுபத்தெட்டில் முதலாளி மெட்ராஸில் ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கினார். சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றது. படகு மாதிரி நீளம். அதில் கிளட்ச் இல்லை, கியர் தானே மாறிக்கொள்ளும். கீழே மிதிப்பதற்கு இரண்டுதான்: ஓரத்தில் ஆக்சிலேட்டர், பக்கத்தில் உள்ளங்கையை விட அகலமாக பிரேக். இரண்டையும் வலது காலால் மிதிக்க வேண்டும், இடது காலைச் சும்மா வைத்திருக்க வேண்டும் என்று விற்றவரின் டிரைவர் சொல்லிக்கொடுத்தார். பாண்டுரங்கன் தலையாட்டிவிட்டு வண்டியை ஊருக்கு ஓட்டிவந்தான். நேர் ரோட்டில் ஒரு தொந்தரவும் இல்லை.

பக்கத்துக் கிராமமான காவாந்தண்டலத்தில் உண்ணாமலை என்று ஒரு நெசவுக்காரி. புருஷன் இறந்தபிறகு தனியாகத் தறி போட்டுப் பிழைத்தவள். முதலாளி மகளின் கல்யாணத்துக்கு இரண்டு பட்டுச்சேலை நெய்ய ஒப்புக்கொண்டு, ஒன்றை முடித்து, மற்றதைப் பாதியில் வைத்திருந்தாள். ஜரிகை போதவில்லை. காஞ்சிபுரம் போய் வாங்கிவர முதலாளி காரை அனுப்பினார். நெய்து முடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு உண்ணாமலை பின்சீட்டில் உட்கார்ந்தாள். பெரிய மனுஷர் வண்டியின் மெத்தையில் சாய அவளுக்குக் கூச்சம். சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்து போனாள்.

ஏரிக்கரை வளைவில் வண்டி நடுரோட்டில் ஆணியடித்ததுபோல் நின்றது. சேலை கசங்கிவிடக் கூடாதென்று அவள் இடது கையால் அதை அணைத்துக்கொண்டு வலது கையை முன்னால் நீட்டினாள். மணிக்கட்டு முன்சீட்டின் இரும்பு விளிம்பில் இடித்து முறிந்தது. சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரோட்டோரம் ஆடுகள் நின்றன. அவற்றைப் பார்த்து, ஆடு குறுக்கே வந்தது, டிரைவர் சமயத்தில் நிறுத்தினான் என்று உண்ணாமலையே எல்லாரிடமும் சொன்னாள். வாயில்லா ஜீவனைக் காப்பாற்றிய கை என்று வெள்ளிக்கிழமை தோறும் அவன் பெயருக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி அவனுக்குப் புதுச் சட்டையும் எடுத்துக்கொடுத்தார். ஆடுகளுக்குச் சொந்தக்காரி முனியம்மாள் மட்டும், "எங்க ஆடு ரோட்டுக்கு அந்தாண்ட இல்ல மேய்ஞ்சிக்கினு இருந்திச்சி?" என்று கேட்டாள். அவளை யார் கேட்டார்கள்?

மாவுக்கட்டு பிரித்தபோது உண்ணாமலையின் மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தினமும் மடக்கி நீட்ட என்னை ஏற்பாடு செய்தார்கள். போய்வர அதே கார்தான். பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும், அதனால் முன்சீட்டில் ஏறினேன். பாண்டுரங்கனின் இடது கால் ஒரு துண்டால் சீட்டின் அடிக்கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

"இன்னாய்யா இது? மாட்டக் கட்டற மாதிரி கட்டி வச்சிக்கினு கீற?"

"சுளுக்கு நர்சம்மா."

"சுளுக்குன்னா சீட்டோட சேத்தா கட்டுவாங்க? வண்டிய ஓரங்கட்டு. அவுத்துக் காட்டு."

கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து சீழ் வைத்திருந்தது. நான் பையிலிருந்து மருந்தும் பஞ்சும் எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். எரிந்திருக்கும். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆடெல்லாம் தாண்டிப் போயிட்ச்சி நர்சம்மா," என்றான். "வளைவாச்சேன்னு கொஞ்சம் ஸ்லோ பண்ணலாம்னுதான் நெனச்சேன். லாரில ஸ்லோ பண்ணணும்னா இந்தக் காலு தானா கிளட்சுக்குப் போவும். இதுல கிளட்சு ஏது? பிரேக்குதான் கீது. கிளட்ச மிதிக்கிறாப்பல தரையோட தரையா மிதிச்சிட்டேன். மடக்கி சீட்டுக்கு அடில வச்சிப் பாத்தேன், நிக்க மாட்டேங்குது. அதான் கட்டிட்டேன்."

"உண்ணாமலைக்குத் தெரியுமா?"

"அந்தக்கா எம் பேருக்குத் தேங்கா ஒடைக்கிது. பிரசாதம்னு மூடி கொண்டாந்து குடுக்குது. வூட்ல சட்னி அரைச்சா எனக்குத் தொண்டையில எறங்கல."

"புண்ணுக்கு நான் மருந்து போடறேன். அவளாண்ட சொல்ற வேலைய நீதான் செய்யணும்."

அவன் செய்யவில்லை. நாங்கள் போகும்போதெல்லாம் வாசலோடு நின்றுவிடுவான். உள்ளே நான் மணிக்கட்டை மடக்குவேன், உண்ணாமலை கத்துவாள், அவன் காரைத் துடைத்துக்கொண்டேயிருப்பான். அந்தக் கார் அவ்வளவு பளபளப்பாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

கை தேறவில்லை. கல்யாணம் நெருங்கியது. பாதிச் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிடுகிறேன், வேறு யாரையாவது புதிதாக நெய்யச் சொல்லுங்கள் என்று உண்ணாமலை சொல்லியனுப்பினாள். போய் வாங்கிவா என்று முதலாளி பாண்டுரங்கனிடம்தான் சொன்னார். அன்றும் நான் கூடப் போனேன். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் முறையாக உள்ளே வந்தான். தறிக்கு முன்னால் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப ஆடு?" என்றாள் உண்ணாமலை.

"அது முன்னயே தாண்டிப் போயிட்ச்சிக்கா."

"இன்னாடா சொல்ற? அப்ப எதுக்குடா நான் தேங்காயா ஒடைச்சேன்? பிள்ளையாராண்ட போயி எல்லாத்தயும் ஒட்டவச்சிக் குடுன்னு கேக்கவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"என் காலும்தான் தெனம் தறில மிதிக்குது. மாத்தி மிதிச்சா இழை தப்பிடும். தப்பிட்டா உக்காந்து அவுப்பேன். அடுத்தவங்க தலைல கட்ட மாட்டேன். காலு தப்புப் பண்ணிச்சி சரி, வாய்க்கு இன்னா வந்திச்சி உனக்கு?"

அவள் வலது கையை நீட்டினாள்.

"புடி. மடக்கு. நான் கத்தக் கத்த வெளிய நின்னு காரு தொடச்சிக்கினு இருந்த இல்ல? இனிமே நீயே மடக்கு."

எங்கே பிடிக்க வேண்டும், எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்று நான் காட்டிக்கொடுத்தேன். அவள் கத்தியபோது அவன் விட்டுவிடப் பார்த்தான். விடக் கூடாது என்றேன். நெற்றி வியர்வை மூக்கில் சொட்ட மடக்கினான். சேலையை அன்று அறுக்கவில்லை.

முதலாளியிடமும் சொல்லிவிட்டான். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆட்டுக் கதைய ஊரெல்லாம் சொல்லிட்டனேய்யா. இப்ப இன்னான்னு மாத்தி சொல்றது? உட்டுடு," என்றார். வேலையிலிருந்தும் நிறுத்தவில்லை. கல்யாணப் பந்தலில் சம்பந்தி வீட்டாரிடம் அவன் தோளைத் தட்டிக்கொண்டே மறுபடி அதே கதையைச் சொன்னார். பாண்டுரங்கன் சாப்பிடாமல் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டாவது சேலை கல்யாணத்துக்கு வரவில்லை, வளைகாப்புக்குத்தான் வந்தது. உண்ணாமலையின் மணிக்கட்டு முழுதாக மடங்கவேயில்லை. முன்பு நெய்ததில் பாதிதான் அவளால் நெய்ய முடிந்தது. இதற்குமேல் மடங்காது என்று சொல்லி நான் போவதை நிறுத்திய பிறகும் பாண்டுரங்கன் நிறுத்தவில்லை. மில் வேலை முடிந்ததும் சைக்கிளில் போய் மடக்கிவிட்டு வருவான். வெள்ளிக்கிழமைத் தேங்காயை அவள் நிறுத்திவிட்டாள். அவளுக்காக அவன் உடைக்கத் தொடங்கினான்.

அந்தக் காரில் இனி ஏறமாட்டாள் என்று நினைத்தேன். ஜரிகை வாங்கப் போக வேண்டியிருந்தபோது ஏறினாள். ஏறுவதற்கு முன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, "காலக் காட்டு," என்றாள். புண் ஆறியிருந்தது, மேலே நான் பஞ்சு வைத்துவிட்டேன். அவள் குனிந்து அந்த மடங்காத கையாலேயே துண்டைச் சுற்றிச் சீட்டுக் கம்பியோடு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள். முடிச்சு நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டாள்.

"இறுக்கமா கீதா?"

"இன்னும் கொஞ்சம் இறுக்குக்கா," என்றான்.

அவள் இறுக்கினாள். பிறகு பின்சீட்டில் ஏறி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.